மிளகாயும் கரியும்

யோங்கின் நாட்டுப்புறக் கிராமத்தில் ஒரு வைக்கோல் கூரை வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வாசலுக்குக் குறுக்கே வைக்கோல் பிரி கட்டியிருந்தது. அதில் இடையிடையே காய்ந்த மிளகாயும் அடுப்புக்கரியும் செருகியிருந்தார்கள்.

கொரியாவுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மைனஸ் பத்துக் குளிர் பழகிவிட்டது, கிம்ச்சி இல்லாமல் இப்போது சோறு இறங்குவதில்லை. ஊர் நினைப்பு முன்போல் வாட்டவில்லை என்று அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். அந்த மிளகாயைப் பார்த்ததும் பாட்டி எனக்குச் சுற்றிப் போட்ட அடுப்படிக்கே போய்விட்டேன். மிளகாயை நெருப்பில் போட்டுவிட்டு, "நெடி வருதா பாரு, துளிகூட இல்லை. அவ்வளவு கண்ணு" என்பாள்.

என்னைக் கூட்டிப்போன மேல்வீட்டு ஹல்மோனி, அதாவது மேல்வீட்டுப் பாட்டி, விளக்கினார். கயிற்றின் பெயர் கும்ஜுல். வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமாகத் திரிப்பார்களாம். ஆண் பிள்ளை பிறந்தால் மிளகாயும் கரியும், பெண் பிள்ளை என்றால் பைன் கொத்தும் கரியும். 21 நாள் வெளியாள் உள்ளே வரக்கூடாது. பச்சை உடம்புக்காரி இருக்கும் வீடு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டுமா என்ன!

நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்து 1974இல் திறந்த இடம் இது. சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. எனக்குக் கொல்லைப்புறத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அங்கே மேடை கட்டி, பெரிதும் சிறிதுமாக மண்ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றின் கழுத்தில் அதே கயிறு. சோயா சாறும் விழுதும் செய்ய, நல்ல நாள் பார்த்து, புளிக்கவைத்த சோயா மொச்சைக் கட்டியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே மிளகாயும் கரியும் மிதக்கவிடுவார்கள். பகலில் வெயில் காட்ட மூடியைத் திறக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் மூடிவிட வேண்டும். இந்தப் பக்குவத்தை யுனெஸ்கோ 2024இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாட்டியின் நார்த்தங்காய் ஜாடியும் இப்படித்தான் மொட்டை மாடியில் வெயில் காயும். ஈரக்கையோடு யாரும் கிட்டே போகக்கூடாது. விளக்கு வைப்பதற்குள் அது உள்ளே வந்தாக வேண்டும். வீட்டை விற்றபோது அந்த ஜாடியை யாரிடம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் எல்லோரும், "பழைய ஜாடிதானே" என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மனம் ஆறவே இல்லை.

நான் இருக்கும் சுவோனில், தினமும் ஹ்வாசோங் கோட்டை மதிலோரம் நடப்பேன். மன்னர் சோங்ஜோ 1794இல் தொடங்கி 1796இல் முடித்த மதில், சுற்றளவு ஐந்தே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேலை செய்தவர்களின் பெயர், கூலி வரைக்கும் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். இடிந்த பகுதிகளை 1970களில் திரும்பக் கட்ட அந்த ஏடுதான் கைகொடுத்தது. எழுதி வைத்தவர்கள் புண்ணியவான்கள். முன்பெல்லாம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். இப்போது மதிலுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகளின் மாடியில் ஜாடி தெரிகிறதா என்றுதான் கண் தேடுகிறது.

நவம்பரில் யுஜா பழம் சந்தைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தேன், நார்த்தங்காய்க்குத் தம்பி முறை. ஒரு கிலோ வாங்கி, சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து, ஒரு சின்ன மண்ஜாடியில் போட்டு பால்கனியில் வைத்தேன். ஹல்மோனி வந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டு கரியும் இரண்டு மிளகாயும் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன்.

"இங்கே மணி மூணரை. அங்கே ஏழு இருக்குமே, இருட்டியிருக்கும். ஜாடியை உள்ளே எடுத்து வெச்சியா?"

போனைக் காதில் வைத்தபடியே பால்கனிக்கு ஓடினேன்.