கம்ப்யூட்டரோடு செஸ்: மகளின் மே மாதம்

மே 4, 2025, ஞாயிறு
மகள் லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் கம்ப்யூட்டரை இன்று ஏழாவது தடவையாக ஜெயித்தாள். முதல் லெவல்தான். ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளி, ராணி எச்5 கட்டத்துக்கு, மந்திரி சி4-க்கு, அப்புறம் ராணியால் எஃப்7 சிப்பாயை வெட்டி மேட். நாலே நகர்வு. "அப்பா, நான் நல்லா ஆடுறேன்ல?" ஆமாம் என்றேன். பழக ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது, இந்த உற்சாகம் வேண்டியதுதான்.

மே 6, செவ்வாய்
மாடிவீட்டுத் தாத்தாவோடு உட்கார்ந்தாள். அதே திட்டம். அவர் நிதானமாக ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளினார். ராணி எஃப்3-க்கு ஓடியது. எஃப்6-ல் குதிரையை வைத்தார். அதன்பின் இவளுடைய ராணி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்க யானையும் குதிரையும் கடைசிவரை கிளம்பவே இல்லை. "உன் ராணியைத் துரத்தத் துரத்த என் காய் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, பாத்தியா கண்ணு?" என்றார். இவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

மே 7, புதன்
அந்த ஏழு ஆட்டங்களையும் ராத்திரி திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஏழிலும் கம்ப்யூட்டர் தானாகவே வந்து விழுந்திருக்கிறது. அங்கே ஆடுவது ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின், அதாவது செஸ் ஆடும் மென்பொருள். அது முழு பலத்தில் ஆடினால் உலக சாம்பியனுக்கே வழியில்லை. லிசெஸ்ஸின் எட்டு லெவல்களில் கீழே போகப் போக அதை மேலோட்டமாக யோசிக்க வைக்கிறார்கள். நடுநடுவே மோசமான நகர்வையும் எடுக்க வைக்கிறார்கள். மனிதர் செய்யும் தப்புக்கு ஆசையோ பயமோ கவனக்குறைவோ காரணமாக இருக்கும். அதைப் புரிந்துகொண்டால் அடுத்த ஆளிடம் உதவும். இதன் தப்பில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. காத்திருந்தால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றிருக்கிறாள்.

குகேஷைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சிறுவயதில் பல ஆண்டுகள் எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார். அது வேறு உயரம். ஆனாலும் தூக்கம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு
கம்ப்யூட்டரை விட்டுவிடவில்லை, வேலையை மாற்றினேன். எட்டாவது லெவல். அதற்கு வெறும் ராஜா, இவளுக்கு ராஜாவும் யானையும். சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 16 நகர்வுக்குள் மேட். முதல் ஆட்டம் 50 நகர்வு ஓடி டிரா. இரண்டாவது ஸ்டேல்மேட்: செக் இல்லாமலே ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய் அதுவும் டிரா. மூன்றாவதில் செக் மேல் செக் வைத்தாள், ராஜா நழுவிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் திடீரென்று கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, செக் வைக்காம வேலி போட்டா அது அடைபடுது!"

இந்த இடத்தில் கம்ப்யூட்டருக்கு நிகர் கிடையாது. வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு இத்தனை தடவை சலிக்காமல் எந்தத் தாத்தா ஆடுவார்?

மே 18, ஞாயிறு
19 நகர்வில் மேட். அம்மாவைக் கூப்பிட்டு ஒரு தடவை, பாட்டியை உட்கார வைத்து இன்னொரு தடவை.

மே 25, ஞாயிறு
தாத்தாவிடம் இன்றும் தோல்வி. ஆனால் எல்லாக் காயும் வெளியே வந்திருந்தது. எங்கே தப்பு என்று முதலில் தானே நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் எஞ்சினைத் திறக்கலாம் என்பது எங்கள் ஏற்பாடு. 14-வது நகர்வு என்று எழுதினாள். எஞ்சின் 11 என்றது. இவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்த் தாத்தாவையே கேட்கப் போகிறாளாம்.