குரல் முடிச்சும் மருத்துவ விடுப்பும்

"நடந்துதானே வர்றீங்க டீச்சர், காய்ச்சல்கூட இல்லையே, இதுக்கு எதுக்கு மெடிக்கல் லீவு?" என்று அலுவலக எழுத்தர் கேட்டபோது, பதில் சொல்லக் குரலில்லாமல் தாளில் எழுதிக் காட்டினேன். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. காலொடிந்தவருக்கு எளிதில் கிடைக்கும் விடுப்பு, குரல் போன ஆசிரியருக்குக் கிடைப்பதில்லை.

லாரிகளின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பாடம் நடத்த வேண்டிய, கடலூரின் சாலையோரப் பள்ளி ஒன்றில் கணிதம் எடுக்கிறேன். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்ததும் உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்கள் குரல்வளைக்குள் இருப்பதால் டார்ச் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. கரகரப்பு ஒரு மாதத்தைத் தாண்டினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் குரல்வளையைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குச் சென்ற முதல் பயணம் வீண். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று நெரிசலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்த பிறகுதான், அன்று குரல் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் வரும் நாள் இல்லை என்றார்கள். முன்தினம் தொலைபேசியில் என் கணவர் விசாரித்தபோது இதை யாரும் சொல்லவில்லை. தெரபிஸ்ட் வரும் கிழமையையும் ஓ.பி. சீட்டு தரும் நேரத்தையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மறுமுறை பரிசோதனை சிரமமின்றி முடிந்தது. நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு மருத்துவர் "ஈ" என்று சொல்லச் சொன்னார். திரையில் இரு குரல் நாண்களிலும் நேருக்கு நேராக, வெளுத்த சிறு புடைப்புகள் தெரிந்தன; குரல் முடிச்சுகள் என்பவை இவைதான். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்கு சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன என்றும், அழுத்திக் கத்தும்போது அதிக அடி வாங்கும் இடத்தில்தான் இம்முடிச்சுகள் வருகின்றன என்றும் அவர் விளக்கினார். அறுவை சிகிச்சை வேண்டாம், முதலில் குரல் பயிற்சி போதும் என்றபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தெரபிஸ்ட், தண்ணீர் உள்ள டம்ளரில் உறிஞ்சுகுழாயை வைத்துக் குமிழி வரும்படி "ஊ" என்று ஒலிக்கப் பழக்கினார். கிசுகிசுவென்று பேசுவதும் அடிக்கடி செருமுவதும் குரலுக்குக் கேடு, செரும வேண்டும் போலிருந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள் என்றார். சக ஆசிரியர்கள் பலரும் செய்யும் தவறுகள் இவை.

மீண்டும் சிக்கல் சான்றிதழில் வந்தது. அவசரத்தில் "தொண்டை வலி" என்று எழுதப்பட்டிருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்காகவே மறுபடி புதுச்சேரி சென்றேன். நோயின் பெயர், "முழுமையான குரல் ஓய்வு தேவை" என்ற வரி, தொடக்க, முடிவுத் தேதிகள், மருத்துவரின் பதிவு எண், முத்திரை ஆகிய எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பணியில் சேரும் நாளுக்கான உடற்தகுதிச் சான்றை மறக்க வேண்டாம். எண்டோஸ்கோபி படத்தின் நகலையும் இணையுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எழுத்தர் வேறு கேள்வி கேட்கவில்லை.

இப்போது இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கியுடன் வகுப்பெடுக்கிறேன். அடுத்தடுத்துப் பாடவேளைகள் வராதபடி தலைமையாசிரியை கால அட்டவணையை மாற்றித் தந்தார். ஒலிபெருக்கி வாங்குபவர்கள் தலையில் மாட்டும் மைக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் பிடிக்கும் மைக்கை வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுத முடியாது.