வாரிசுச் சான்றில் நாலாவது பெயர்

அந்த வீட்டின் கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. "வீடு விற்பனைக்கு. தரகர்கள் அணுக வேண்டாம்" என்று கையால் எழுதி, கீழே கைபேசி எண் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் தரகர்கள் பின்னால் அலைந்து களைத்திருந்த எங்களுக்கு அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே பேசினேன். மறுநாள் காலை நானும் மனைவியும் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

விற்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீடு அவருடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. மழைக்காலத்தில் எந்தச் சுவரில் ஈரம் ஏறும், கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று எல்லாவற்றையும் நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். பின்னறை ஜன்னலைக் காட்டி, "இது சாதாரணமாக மூடாது. கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும்" என்று மூடியும் காட்டினார். நேரடியாக வாங்குவதில் கமிஷன் மிச்சமாவதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஜன்னல்தான் பெரிய லாபமாகப் பட்டது. முப்பது வருடம் அந்த வீட்டில் தூங்கி எழுந்தவரின் வாயிலிருந்தே வீட்டைப் பற்றிக் கேட்பது வேறு.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. மூன்று முறை போய் வந்ததும் அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. மரியாதை வந்த பிறகு, "சார், மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று தயங்கினேன். நடுவில் ஒரு தரகர் இருந்திருந்தால் இந்தச் சங்கடமான கேள்விகளை அவர் தலையில் போட்டிருக்கலாம். இங்கே கேட்பதற்கு என்னைத் தவிர ஆளில்லை. இரண்டு வாரம் இப்படியே கழிந்தது. கடைசியில் மனைவிதான் கேட்டாள். அவர் ஒன்றும் நினைக்கவில்லை. உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் திறந்து வைத்தார்.

அப்பாவின் பெயரில் அசல் கிரயப் பத்திரம் இருந்தது. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தின் சான்றிட்ட நகல், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று எல்லாம் வரிசையாக இருந்தன. பட்டா மட்டும் இன்னும் அப்பா பெயரிலேயே நின்றது. பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து மனையை அளந்தோம். ஒரு பக்கம் நாலைந்து அங்குலம் குறைந்தது, மற்றபடி சரியாக இருந்தது.

அன்றிரவே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தேடியும் அடமானம் இல்லை, வேறு விற்பனை இல்லை. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன். அது தவறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். ஒருவர் இறந்துபோனால் அவர் சொத்து சட்டப்படி யாருக்குப் போகிறது என்பது அதில் வராது. வழக்கு நடந்தாலும் பெரும்பாலும் வராது. பதிவு செய்யாத உயிலும் வராது. வில்லங்கம் "இல்லை" என்று வந்தால், அங்கே பதிவான வில்லங்கம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இதை எனக்குச் சொன்னவர் நாங்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த வழக்கறிஞர் அம்மா. காகிதக் கட்டை ஒரு மணி நேரம் நிதானமாகப் புரட்டினார். வாரிசுச் சான்று வந்ததும் நிறுத்தி, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டார். இறந்தவரின் மனைவி, மகன், மகள். நாலாவதாக, இறந்தவரின் தாயார்.

"இந்தப் பாட்டி எங்கே?" என்றார்.

"அவர் பிறகு இறந்துவிட்டாராம். இப்போது மூன்று பேர்தான்" என்றேன்.

"மகன் இறந்தபோது உயிரோடு இருந்தார் அல்லவா? அப்படியானால் அவர் பங்கு அன்றே அவருக்கு வந்துவிட்டது. அவர் இறந்த பிறகு அது எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி."

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 என்ன சொல்கிறது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் மட்டுமல்ல, அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்தாலும் அப்படித்தான். ஆக வீடு நாலு சம பங்கு. பாட்டியும் பின்னர் உயில் இல்லாமல் போய்விட்டதால், அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்குகிறது: ஏற்கெனவே இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. பாட்டிக்கு ஒரே மகள், ஆசிரியரின் அத்தை. வீட்டில் எட்டில் ஒரு பங்கு அவருடையது. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், பணம் முழுவதும் கொடுத்த பிறகும் எட்டில் ஒரு பங்கு எங்களுடையதாக இருக்காது.

இதை ஆசிரியரிடம் போய்ச் சொன்ன அந்த மாலையைப் போலக் கனமான மாலை இந்தக் காரியத்தில் வேறில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "அத்தை இந்த வீட்டுக்கு ஒரு செங்கல்கூட எடுத்து வைத்ததில்லை" என்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. பாட்டியோடு அந்தப் பங்கும் முடிந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பியிருந்தார். நான் சட்டம் பேசவில்லை. "சார், உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் என் பிள்ளைகளும் நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். நாலு நாள் அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. வேறு வீடு பார்க்கலாமா என்று நாங்கள் பேச ஆரம்பித்திருந்தபோது அவரே கூப்பிட்டார். அத்தையிடம் போய்ப் பேசிவிட்டாராம். "என் அம்மாவின் பங்கு என்றால் எனக்கு வேண்டும்" என்று அத்தை சொன்னாராம். அத்தை கேட்டது முழுக்க நியாயம்.

அத்தை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் தனியாக எழுதுவதைவிட, அவரையும் விற்பவர்களில் ஒருவராகச் சேர்ப்பது நேரான வழி என்றார் வழக்கறிஞர். அப்படியே செய்தோம். விற்பனை ஒப்பந்தத்தில் நாலு பேரும் கையெழுத்திட்டார்கள்; அதையும் பதிவு செய்தோம். பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், அதற்கேற்ப ஒப்பந்தத்தில் கெடுவை நீட்டி எழுதிக்கொண்டோம்.

நடுவில் உறவினர் ஒருவர் வந்து, பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாமே என்றார். ஒரே வார்த்தையில் மறுத்தோம். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்பவர் தலையில்தான் விழும். ஆசிரியருக்கும் அதில் விருப்பமில்லை.

முழு விலையையும் காட்டினோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டைத் தேடும்போதே இந்த 9 சதவீதத்தைக் கணக்கில் எடுத்துவைக்காவிட்டால் கடைசி வாரத்தில் கண் கலங்கும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவரே 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். வீட்டை மனைவி பெயரில் வாங்கினோம். விற்றவர்கள் நாலு பேர். நாலு பான் எண்ணுக்கும் நாலு படிவத்தை அவளே உட்கார்ந்து நிரப்பினாள். பணமும் அவரவர் பங்குப்படி நாலு வரைவோலையாகப் போயிற்று.

பதிவு நாளன்று அத்தையின் விரல்ரேகை கருவியில் பதியவே இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர். வேலை செய்தே விரல் வழவழப்பாகிவிட்டது. ஈரத்துணியால் துடைத்து, உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்து, விரல் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. ஆசிரியர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். ஐந்தாவது முறை பதிந்தது. பிறகு சார்பதிவாளர் நாலு பேரிடமும் தனித்தனியாகப் பணம் வந்ததா என்று கேட்டார். அத்தைதான் எல்லோரையும்விட உரக்க "வந்தது" என்றார்.

வெளியே வந்ததும் அவர் என் மனைவியிடம், ஒரே ஒரு முறை வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். அழைத்துப் போனோம். நேராகப் பின்னறைக்குப் போனார். கடைசி இரண்டு வருடம் அவருடைய அம்மா படுத்திருந்த அறை அது என்றும், மாதத்தில் பாதி நாள் தான் அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டதாகவும் சொன்னார். ஆசிரியர் தலைகுனிந்து நின்றார். மழை வரும்போலக் காற்று அடித்தது. அத்தை திரும்பி, யாரும் சொல்லாமலே அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்து மூடினார்.