அம்பத்தூரில் 24 கணினி, ஓடாமல் போன ஒரு ஸ்கிரிப்ட்

விண்டோஸையும் மென்பொருள்களையும் தானாக ஏற்ற நான் எழுதிய ஸ்கிரிப்ட்டை வீட்டில் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நான்கு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். நான்கு தடவையும் விண்டோஸ் 11 தானாக ஏறி, கூடவே பிரவுசர், லிப்ரே ஆபீஸ், பைத்தான், கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லாம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏறிவிட்டன. அந்தத் தைரியத்தில் சனிக்கிழமை காலை குரோம்பேட்டையில் ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, மூர் மார்க்கெட் வளாகத்தில் வண்டி மாறி அம்பத்தூர் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு கணினிப் பயிற்சி மையம். 24 புது சிஸ்டம். "திங்கட்கிழமை புது பேட்ச் ஆரம்பிக்குது தம்பி, அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று மையத்தை நடத்தும் அக்கா கேட்டார். "இன்னிக்குச் சாயங்காலமே முடிஞ்சிடும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

முதல் சிஸ்டத்தில் பென் டிரைவைச் செருகினேன். வட்டைப் பிரிப்பது, மொழி, நேர மண்டலம், பயனர் கணக்கு எல்லாம் அன்அட்டெண்ட் கோப்பில் (இன்ஸ்டால் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைத்த கோப்பு) எழுதியபடியே நடந்தன. டெஸ்க்டாப் வந்தது. நான் போடச் சொன்ன மென்பொருள்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

விண்டோஸ் கோப்புறைக்குள் செட்அப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று போய்ப் பார்த்தால் செட்அப்கம்ப்ளீட் கோப்பு பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் ஏறி முடிந்ததும் தானாக ஓடி மென்பொருள்களை ஏற்ற வேண்டிய ஸ்கிரிப்ட் அதுதான். அதை அட்மினாகக் கையால் ஓட்டினால் எல்லாம் ஏறுகிறது. தானாகத்தான் ஓட மாட்டேன் என்கிறது. கோப்பின் வால் (எக்ஸ்டென்ஷன்) மாறிவிட்டதா, பெயரில் எழுத்துப் பிழையா என்று பார்த்தேன். பென் டிரைவை மூன்று முறை புதிதாக எழுதினேன். மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. சாப்பிடவும் இல்லை.

காலையிலேயே பார்த்திருக்க வேண்டிய இடத்தை அப்புறம்தான் பார்த்தேன். விண்டோஸ் கோப்புறையில் பாந்தர், அதற்குள் அன்அட்டெண்ட்ஜிசி, அதில் செட்அப்ஆக்ட் என்ற பதிவுக் கோப்பு. கடைசிப் பகுதியில் ஒரு வரி: இது ஓஇஎம் உரிமம் (கணினியைத் தயாரித்த கம்பெனி கூடவே தரும் விண்டோஸ் உரிமம்) உள்ள கணினி, எனவே செட்அப்கம்ப்ளீட்டை ஓட்டப் போவதில்லை என்ற பொருளில். அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

காரணம் இதுதான். பிராண்டட் கம்பெனி கணினிகளில் விண்டோஸ் சாவி (உரிம எண்) மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்து வருகிறது. இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸ் அதையே எடுத்துக்கொள்கிறது. ஓஇஎம் சாவி என்றால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் செட்அப்கம்ப்ளீட் ஓடாது, என்டர்பிரைஸில் ஓடும். என் விர்ச்சுவல் மெஷினில் அப்படிப்பட்ட சாவி கிடையாது, அதனால் அங்கே ஓடியது. மைக்ரோசாஃப்ட்டின் ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், ஒரே ஒரு வரியில். ஆகவே வாடிக்கையாளரிடம் ஒத்துக்கொள்வதற்கு முன்னால், அவருடைய சிஸ்டம் ஒன்றை வாங்கிவந்து அதிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் மிச்சமாகும்.

வழி என்ன? அன்அட்டெண்ட் கோப்பில் ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ் பகுதிக்கு (முதல் முறை லாகின் ஆனதும் ஓட வேண்டிய கட்டளைகள்) எல்லாவற்றையும் மாற்றினேன். அட்மின் கணக்கில் ஒரே ஒரு முறை ஆட்டோலாகான் (தானாக லாகின் ஆவது), அதில் ஸ்கிரிப்ட் ஓடும். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதி, ஞாயிறு காலை மறுபடியும் அதே ரயில்.

இந்த முறை பாதி ஏறியது, பாதி நின்றது. கணக்கு மென்பொருளின் நிறுவி தனக்குள் இருக்கும் எம்எஸ்ஐயை (விண்டோஸின் நிறுவல் கோப்பு வகை) கிளப்பிவிட்டுத் தான் மட்டும் முடிந்துபோகிறது. வேலை முடிந்தது என்று ஸ்கிரிப்ட் நினைத்து அடுத்த எம்எஸ்ஐயைத் தொடங்கினால், 1618 என்று திருப்பி அனுப்புகிறது: வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் வெயிட் (ஒரு நிரல் முடியும்வரை காத்திரு என்ற கட்டளை) போட்டும் பலனில்லை, ஏனென்றால் நாம் காத்திருக்கும் நிரல் உண்மையிலேயே முடிந்துவிட்டது. 1618 வந்தால் 30 விநாடி பொறுத்து மறுபடி முயலும்படி ஒரு சுற்று எழுதிய பிறகுதான் சரியானது. இன்னொன்று: 3010 என்ற எண் தோல்வி இல்லை. நிறுவியாகிவிட்டது, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். என் ஸ்கிரிப்ட் பூஜ்யம் தவிர எது வந்தாலும் நின்றுவிடும்படி இருந்தது, திருத்தினேன். எம்எஸ்ஐக்கு, ஜன்னல் எதுவும் காட்டாதே என்று சொல்லும் கியூஎன் சுவிட்சோடு நோரீஸ்டார்ட்டையும் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகி, மிச்சப் பட்டியல் அந்தரத்தில் நிற்கும். என்எஸ்ஐஎஸ் என்ற கருவியில் செய்த நிறுவிகளை அமைதியாக ஓட்டப் பெரிய எழுத்து எஸ் சுவிட்ச்தான். சிறிய எழுத்தைப் போட்டால் ஜன்னல் திறந்து 'நெக்ஸ்ட்' அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும்.

"அண்ணா, ஸ்டூடன்ட் லாகின்ல தமிழ் வரலண்ணா" என்று உதவிக்கு வந்த பையன் கூப்பிட்டான். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் தன்னை நிறுவிய பயனருக்கு மட்டும் என்று அட்மின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. நல்லவேளையாக அது இன்னோ செட்அப் என்ற கருவியில் செய்த நிறுவி. அமைதியாக ஏற்றும் வெரிசைலண்ட்டோடு ஆல்யூசர்ஸ் சுவிட்சையும் சேர்த்ததும் எல்லாக் கணக்கிலும் வந்தது. தமிழ்99 விசைப்பலகையில் அவன் "வந்துடுச்சு" என்று அடித்துக் காட்டியபோது இரண்டு நாள் அலுப்பும் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். அலுவலக அறையில் இருந்த சிஸ்டத்தில் எஸ்எஸ்டியோடு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது, அதில் மூன்று வருஷ மாணவர் கணக்கு. என் கோப்பில் வட்டு எண் பூஜ்யத்தை அழி என்று இருக்கிறது. அந்தக் கணினியில் பூஜ்யம் எது தெரியுமா? அந்த ஹார்ட் டிஸ்க்தான். வட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட் கட்டளையில் பார்த்த பிறகு அதன் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் பென் டிரைவைச் செருகினேன். கேள்வி கேட்காத இன்ஸ்டால், அழிக்கட்டுமா என்றும் கேட்காது. வேலை முடிந்ததும் பென் டிரைவை உருவி உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேஜைமேல் விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம் ஆறு பென் டிரைவில், ஆறு ஆறாக ஓட்டினோம். ஞாயிறு இரவு எட்டரைக்கு 24ம் முடிந்தது. பிரிண்டர் டிரைவர் மட்டும் பாக்கி: வெளியீட்டாளரை நம்பலாமா என்று அது கேட்கிறது, அதனால் அமைதியாக ஏறவில்லை. அதன் சான்றிதழை விண்டோஸின் செர்ட்யூடில் கட்டளை மூலம் முன்கூட்டியே நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலில் சேர்த்துவிட்டால் கேட்காது. அந்த வரியை ஸ்கிரிப்ட்டில் சேர்த்தாகிவிட்டது. புதன்கிழமை மறுபடி அம்பத்தூர் போகிறேன்.