கையில் போட்டாயிற்று, கடிவாயிலும் எதற்கு ஊசி?

நாய் கடித்தவருக்குக் கையில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட்ட பிறகு, "கடிவாயைச் சுற்றியும் போட வேண்டும்" என்று மருத்துவர் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். வலிக்கும், குழந்தை தாங்காது, அதுதான் ஒன்று போட்டாயிற்றே என்கிறார்கள். அந்த இரண்டு ஊசிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

காலில் முள் குத்திப் புண் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். அங்கேதான் நம் எதிர்ப்புச் சக்தி கூடி வேலை செய்கிறது. புண்ணில் சுற்றும் காவல் செல்கள் கிருமியின் துணுக்குகளை நிணநீர் வழியாக நெறிக்குக் கொண்டுவருகின்றன. அங்கிருக்கும் லட்சக்கணக்கான வெள்ளணுக்களில் அந்தத் துணுக்குக்குப் பொருந்துபவை மிகச் சிலதான். அந்தச் சில செல்கள் பல மடங்காகப் பெருகி, ஆன்டிபாடியை (கிருமியை ஒட்டிப் பிடிக்கும் புரதத்தை) உற்பத்தி செய்து ரத்தத்தில் விட வேண்டும். முதல்முறை சந்திக்கும் கிருமி என்றால் இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

ரேபிஸ் வைரஸ் நெறிக்குச் செய்தி போகும்படி நடந்துகொள்வதே இல்லை. கடிபட்ட தசையில் கொஞ்சமாகப் பெருகி, நரம்பு தசையைத் தொடும் இடத்தில் உள்ளே நுழைந்துவிடுகிறது. நரம்புக்குள் போய்விட்டால் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி அதைத் தொடுவது அரிது. செல் அபாயக்குரல் எழுப்பச் சுரக்கும் இன்டர்பெரானையும் வைரஸின் ஒரு புரதம் தடுத்துவிடுகிறது. நரம்பு வழியே மூளையை எட்ட பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். முகம், கழுத்து, விரல் நுனிகளில் கடிபட்டால் இன்னும் சீக்கிரம். அறிகுறி தெரிந்தபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. எனவே வைரஸ் நரம்பைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் நடந்தாக வேண்டும்.

முதல் வேலை உங்கள் வீட்டுக் குழாயடியில். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு; சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம்: அவை சதையை அரித்து வைரஸை இன்னும் உள்ளே தள்ளும். தையலும் கூடியவரை கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால், கடிவாய் ஊசி போட்ட பிறகு தளர்வாகப் போடுவார்கள்.

கையில் போடும் தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ். அது நெறிக்குச் செய்தியைக் கொண்டுபோகிறது. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28-ம் நாட்கள் (0 என்பது முதல் ஊசி போட்ட நாள்). தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28-ம் நாட்களில் இரண்டு இடங்களில் 0.1 மி.லி. வீதம். தோலில் காவல் செல்கள் அதிகம் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவே போதுகிறது. சரியாகப் போட்டால் கொசுக்கடித் தடிப்புபோல் ஒரு சின்ன மேடு எழும்பும். எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசை, கைக்குழந்தைக்குத் தொடை. பிட்டத்தில் போடவே கூடாது. அங்குள்ள கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய தடுப்பூசி. இந்தியாவில் 2004-உடன் நின்றுபோனது.

இந்தத் தடுப்பூசியால் உடம்பு போதுமான ஆன்டிபாடி உண்டாக்க 7 முதல் 14 நாள் பிடிக்கிறது. அதுவரை கடிவாயில் கிடக்கும் வைரஸை யார் பிடிப்பது? வேறொருவர் உடம்பிலோ குதிரையின் உடம்பிலோ ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடிதான் இம்யூனோகுளோபுலின் என்கிற அந்த இரண்டாவது ஊசி. அது நரம்பு வாசலில் வைரஸை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. கிலோவுக்கு மனித வகை 20 யூனிட், குதிரை வகை 40 யூனிட். 15 கிலோ குழந்தைக்கு 300 அல்லது 600. கடிவாய் பல இருந்தால் சலைனில் கலந்து அளவைப் பெருக்கி எல்லாப் புண்ணிலும் செலுத்துவார்கள். ஒரு பல் பட்ட இடத்தைக்கூட விடக்கூடாது. கணக்கிட்ட யூனிட்டை மீறினால், உடம்பு தானாக உண்டாக்கும் ஆன்டிபாடியைக் குறைத்துவிடக்கூடும். தடுப்பூசியும் இதுவும் ஒரே சிரிஞ்சில் சேரக்கூடாது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இது தேவையில்லை, சொந்த ஆன்டிபாடி வந்திருக்கும்.

ரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி மட்டும் போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலும், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டாலும் இரண்டும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சிறு கீறலுக்கும் இரண்டும்தான். கர்ப்பிணிக்கும் தடையில்லை.

ஊசி முழுவதும் போட்டு முடித்தவருக்கு நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. மறுபடி நாய் கடித்தால் அவை சில நாட்களிலேயே பெருகிவிடும். அப்போது 0, 3-ம் நாட்களில் தடுப்பூசி போட்டால் போதும், கடிவாயில் ஊசி கிடையாது. பழைய ஊசி அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.