வேட்டிக்குள் கண்ணாடி

நேற்றிலிருந்து தங்கச்சி என் போனை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் எடுத்து, “அவ தூங்கறா மச்சான்” என்கிறார். பகல் பதினொரு மணிக்கு. பிறந்ததிலிருந்து ஆறு மணிக்கு மேல் அவள் படுக்கையில் கிடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மண்டபம். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஏசி ஓடியது, வத்தக்குழம்பு பிரமாதம், பந்தியில் சண்டை இல்லை. பெண் வீட்டு ஆண்கள் மூன்று பேர் மேடையில் நின்று சொறிந்தது ஒன்றுதான் குறை.

அப்பாதான் பத்திரிகை வாசித்தார். எழுபத்தொன்பது வயதிலும் கண்ணாடி போடாமல் வாசிப்பேன் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. “நிகழும் மங்கள” வரை வந்தவர் நிறுத்தி வலது தொடையைச் சொறிந்தார். “கரமான” ஆனதும் இடது தொடை. மாப்பிள்ளை வீட்டாரின் குலம், கோத்திரம், தாத்தா பெயர் எல்லாம் வருவதற்குள் மைக்கையே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் ‘கர் கர்’.

நான் தாய்மாமன். இரண்டு கையிலும் தட்டு. முழங்காலுக்குப் பின்னால் ஒரு எறும்புப் புற்றே குடியேறியிருக்கிறது, கீழே வைக்கவும் முடியாது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்த்தேன். வீடியோவில் பார்த்தால் நடராஜர். என் பையனுக்கு வெட்கம் மானம் கிடையாது, மேடைத் தூணில் முதுகைச் சாய்த்து எருமை மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையின் பெரியம்மா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “ஏம்மா, இது குடும்பத்துலயே இருக்கா?”

இவள் பதறிப்போய், “ஐயோ இல்லீங்க, ஸ்கூட்டரால வந்தது” என்று சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் அந்தம்மாள் எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரவே இல்லை.

ஸ்கூட்டர் கதை இதுதான். அப்பாவின் விஜய் சூப்பர். இத்தாலியில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் செய்துகொண்டிருந்தவர்களின் மெஷினையெல்லாம் 1972-ல் நம் சர்க்கார் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்த கதையை, தானே மிலானுக்குப் போய் பேரம் பேசியது மாதிரி அப்பா சொல்வார். “இத்தாலி ரத்தம்னா ஒரு உதையில ஸ்டார்ட் ஆகணும்ல மாமா?” என்று இவள் கேட்டால் மட்டும் காது கேட்காது.

அதன் இடது பக்க பேனல் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்து, விரலால் அழுத்தினால் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர், “விஜய் சூப்பரா? அதெல்லாம் கப்பல் ஏறிப் போயாச்சு சார், லண்டன்ல கேட்டுப் பாருங்க” என்றார். தகரத்தில் அடித்துத் தர டிங்கர் ஆறாயிரம் கேட்டார். ஆறாயிரமா? ஃபைபரில் நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். இதுவரை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் தெரியாது.

பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் ரெசின், அதில் ஊறவைத்து அடுக்குகிற ஃபைபர் மேட், ரோலர் எல்லாம் வாங்கினேன். கூடவே ரெசினை இறுக வைக்க இரண்டு பாட்டில். ஒன்று ஊதா நிறத்தில் கோபால்ட், இன்னொன்று தண்ணீர் மாதிரி கேட்டலிஸ்ட். கடைக்காரர் கையைப் பிடித்துச் சொன்னார்: “ரெண்டையும் நேரா சேர்த்துடாதீங்க சார், வெடிச்சிரும். முதல்ல ரெசின்ல கோபால்ட்டைக் கலக்கிருங்க. நல்லா கலந்தப்புறம்தான் கேட்டலிஸ்ட். கிலோவுக்கு பத்து மில்லிலேருந்து இருபது, அதுக்கு மேல போகாதீங்க.” இதைக் கேட்ட இவள் ஒரு பாட்டிலை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் இன்னொன்றை மாடிப்படிக்குக் கீழேயும் வைத்துவிட்டாள். சண்டை போட்ட ஓரகத்திகளைக் கல்யாண வீட்டில் உட்கார வைக்கிற மாதிரி.

முதலில் அச்சு எடுக்க ஒரு மாதிரி உருவம் வேண்டும். உதிர்ந்த கீழ்ப்பாதியை எதை வைத்து நிரப்புவது? பரணில் தெர்மாகோல் இருந்தது. பையன் பள்ளிக்கூடத்துக்குச் செய்த தஞ்சைப் பெரிய கோயில், மூன்றாம் பரிசு. பிரகாரத்தையும் நந்தி மண்டபத்தையும் மட்டும்தான் அறுத்தேன். விமானத்தில் கை வைக்கவில்லை, அந்த அளவுக்கு பக்தி உண்டு. அறுத்ததை ஒட்டி, பிளேடால் செதுக்கி, உப்புத்தாள் போட்டால் வளைவு அவ்வளவு அழகு. அப்பாவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன்மேல் பிரஷ்ஷால் ரெசினைத் தடவினேன். லேசாக ஒரு சத்தம், ‘சொய்ங்’ என்று. பிரஷ் போன வழியெல்லாம் பள்ளம். பள்ளம் குழியானது, குழி ஓட்டையானது. முத்து முத்தாக இருந்த தெர்மாகோல் சுருங்கி, பசையாகி, என் கண் முன்னாலேயே தரைக்கு வழிந்தது. 1010-ல் குடமுழுக்கு நடந்து இன்றைக்கும் அசையாமல் நிற்கிற கோயிலின் பிரகாரம், எங்கள் மொட்டை மாடியில் ஒன்றரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

பையன் மேலே வந்து பார்த்தான். “ரெசின்ல ஸ்டைரீன் இருக்குப்பா. தெர்மாகோல் பாலிஸ்டைரீன். கரையத்தான் செய்யும்.” அவ்வளவுதான் சொன்னான். மூன்றாம் பரிசைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்புறம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து, மேலே பட்டி பார்த்து, தரைக்குப் போடுகிற மெழுகை ஆறு தரம் தேய்த்து அச்சு எடுத்தேன். நடுவில் ஒரு தடவை சித்திரை வெயிலை மறந்து கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். பிரஷ்ஷைத் தேடி எடுப்பதற்குள் மக்கில் இருந்தது அல்வா பதத்துக்கு வந்து, கை சுட்டு, புகை கிளம்பி, கீழ் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரை மூடச் சொல்லிக் கத்தினார். அது பாத்ரூம் மக்கு. புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை பேனல் வந்தது. நிஜமாகவே வந்தது! வெள்ளிக்கிழமை கட்டிங் மெஷினை எடுத்து ஓரமெல்லாம் சீராக்கினேன். வெள்ளை வெள்ளையாகப் புழுதி. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துண்டு, எல்லாம் முறைப்படிதான். ஆனால் உடம்பில் கைலியும் பனியனும் இருந்தன அல்லவா? அவற்றை யாரும் யோசிக்கவில்லை. ஃபைபர் கிளாஸ், பெயரிலேயே கண்ணாடி இருக்கிறது. புழுதி என்று நான் நினைத்ததில் பாதி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள்.

சனிக்கிழமை இவள் பிளவுஸ் வாங்க டைலர் கடைக்குப் போயிருந்தாள். கல்யாணமாகி பதினேழு வருஷத்தில் நானாக ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று தோன்றிய நாள் அது. வாஷிங் மெஷினைப் போட்டேன். அப்பாவின் மயில்கண் வேட்டி, என் வேட்டி, பையனின் புதுச் சட்டை, தண்ணீர் வீணாகக் கூடாதே என்று கூடவே அந்தக் கைலி, அந்தப் பனியன். இவளுடைய பட்டுப் புடவை பீரோவில் இருந்ததால் தப்பித்தது.

மண்டபத்திலிருந்து வந்ததும் வெந்நீர் போட்டேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார். “பச்சத் தண்ணிலதான் ஊத்திக்கணும். சுடுதண்ணி பட்டா இன்னும் அரிக்கும்.” குளித்துவிட்டு வந்து, “அந்த பேக்கிங் டேப்பை எடுத்து என் முதுகுல ஒட்டி உரிடா” என்றார். உரித்தேன். டேப்பை லைட்டுக்கு நேரே பிடித்தால் மினுமினுவென்று ஊசி ஊசியாக இருந்தது.

“இதெல்லாம் எப்படிப்பா தெரியும்?”

“ஐ.சி.எஃப்.ல ஃபர்னிஷிங்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவன்டா. ரயில் பெட்டிக்குள்ள எத்தனை ஃபைபர் பேனல் மாட்டியிருப்பேன், ஓட்டை போட்டிருப்பேன். உங்கம்மா என் டிரஸ்ஸைத் தனி பக்கெட்லதான் ஊறவைப்பா. உங்க துணியோட சேர்க்கவே மாட்டா.”

“அப்ப முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லைதான். வாஷிங் மெஷினைக் காலியாக மூன்று முறை ஓடவிட்டிருக்கிறேன். இவள் இன்னும் நம்பவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்த வீடியோவுக்குக் குத்துப் பாட்டு போட்டு வெட்டிவிட்டிருக்கிறார்கள். தங்கச்சியும் அதைப் பார்த்திருப்பாள். பதில் இல்லை.

இன்று காலை ஐந்தரைக்கு மாடியில் ‘சரக் சரக்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. என் கைலியைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு, பேனலை மடியில் குழந்தை மாதிரி போட்டு, பக்கெட்டில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்கிறார். பக்கத்தில் அம்மாவின் பழைய அலுமினிய பேசின், தண்ணீர் ரொப்பி.

“தண்ணி விட்டுத் தேச்சா தூசி பறக்காதுடா” என்றார் நிமிராமல். விரல் முட்டியால் பேனலைத் தட்டினார். டொக். “தகரத்து சத்தம் இல்ல. பக்கெட்டைத் தட்டின மாதிரி இருக்கு.” மறுபடியும் தட்டினார். “பரவால்ல. துருப் பிடிக்காது.”

பாதித் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். “அந்த முனையைப் பாரு. கைலியை மெஷின்ல போட்டுடாதே, இந்த பேசின்லயே நான் அலசிக்கிறேன்.”