74-72
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 2018 நவம்பர் 24, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் எதிர் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்). அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஏழு ஓவர்டைம், அதாவது சமநிலையை உடைக்கும் கூடுதல் சுற்றுகள்! ஏ அண்ட் எம் பைத்தியமான எனக்கு இன்றும் அந்தக் கடைசி நிமிடத்தில் வயிறு கலங்குகிறது.

எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) மாண்ட் வீசிய பந்தை எல்எஸ்யூ பிடித்ததும் ஆட்டம் முடிந்ததென்று நினைத்து, அவர்கள் கோச் ஓர்ஜரான் தலையில் கேட்டரேட் பானத்தைக் கொட்டிக் கொண்டாடினார்கள். ரீப்ளேயில் பார்த்தால், வீசும் முன்பே மாண்டின் முழங்கால் தரையில்; அதோடு அந்த முயற்சி முடிந்துவிடும், வீசியது செல்லாது. பந்து திரும்ப நம் கையில்! பாவம், மனிதர் நனைந்ததுதான் மிச்சம். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது எங்கள் டேவிஸுக்கு ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது), 31-31.

அப்புறம் ஓவர்டைமில் மட்டும் 84 புள்ளிகள். இதில் டிஃபென்ஸ் என்ற ஒன்று இருந்ததா என்று கேட்காதீர்கள். ஏழாவதில் 72-72, டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சி, எங்கள் ராஜர்ஸ் பிடித்தார். எங்கள் அரங்கமான கைல் ஃபீல்டில் இருந்த கூட்டமே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

சரி, அடுத்த வருடம் அதே எல்எஸ்யூ எங்களை 50-7 என்று உரித்தது. அந்த வீடியோவை மட்டும் நான் தேடுவதில்லை.